சால் தைத்த கையில் கிண்ணம்

பால்சாமியின் உள்ளங்கை, தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் நிறத்தில் இருக்கும். சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாது, கண்மாயில் அரைநாள் ஊறினாலும் போகாது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கு மலை கைநீட்டினால் தொடுகிற மாதிரித் தெரியும் ஓர் ஊரில் அவர் கமலைச் சால் தைத்தார். மாடுகள் இழுக்க இழுக்கத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து தண்ணீரை ஏற்றி வரும் பெரிய தோல் பை அது. அவர் போட்ட தையல் பிரிந்ததே இல்லை என்று எழுதினால் வெறும் புகழ்ச்சியாகிவிடும். பிரிந்ததுண்டு. பிரிந்தது என்று காதில் விழுந்தால் போதும், கூப்பிடுவதற்கு முன்னால் ஊசியும் வாருமாகப் போய் நிற்பார். அந்த வேலைக்குக் கூலி வாங்கமாட்டார்.

ராஜபாளையத்தில் பக்கீர் முகமதுவின் தோல் மண்டியில் ஒவ்வொரு தோலையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். அவர் முகர்ந்து கீழே வைத்த தோலைப் பிறகு யாரும் வாங்குவதில்லை. "நீ மோந்து பாக்க வரும்போதெல்லாம் எனக்குக் கடைய மூடிரலாமான்னு இருக்குப்பா" என்று பாய் சிரிப்பார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு பிறந்த சமயம் அது. ஊரில் சின்னதாக ஒரு பாப்திஸ்து சபை இருந்தது. மண்சுவர், பனையோலைக் கூரை. சிலுவை வைக்கவில்லை, படம் வைக்கவில்லை. கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் கிடையாது. அறிந்து, நம்பி, வாயால் அறிக்கை செய்தவரைத்தான் தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுப்பார்கள். எதற்கெடுத்தாலும் அந்தச் சபையார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "வேதத்துல எங்க இருக்கு?" பக்கத்து ஊர்ச் சபைக்காரர்கள் இவர்களைச் சந்தையில் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அந்தக் கேள்விக்கு அவ்வளவு பயம்.

அதை எல்லாரையும்விட உரக்கக் கேட்டவர் வைகுண்டராஜ். மேலத்தெருக்காரர், கருப்பட்டி வியாபாரி, தோட்டமும் கிணறும் உள்ளவர். சபை நின்ற நிலம் அவர் கொடுத்தது. முழுக்கு நடந்ததும் அவர் தோட்டத்துத் தொட்டியில்தான். முந்தின நாளே கமலை கட்டி, தொட்டியை நிரப்பி வைப்பார்கள். அந்தத் தொட்டியில் முதலில் முங்கி எழுந்தவரும் அவரே. பிறகு ஒருநாள் பால்சாமியும் அவர் மனைவி பரிபூரணமும் அதே தொட்டியில் முங்கினார்கள்.

முங்கும்போது ஒரே தண்ணீர். சபைக்குள் வந்து உட்காரும்போது மேலத்தெரு முன்னால், கீழத்தெரு வாசலோரம். மாதத்துக்கு ஒருமுறை கர்த்தருடைய பந்தி நடக்கும்போது திராட்சை ரசக் கிண்ணத்தை வைகுண்டராஜ் எடுத்து வருவார். முதலில் மேலத்தெரு குடிக்கும். கடைசியில் கீழத்தெரு குடிக்கும். யாரும் சட்டம் போடவில்லை. ஒற்றையடிப் பாதை மாதிரி நடந்து நடந்து உண்டான வழக்கம். அதை மட்டும் வேதத்தில் எங்கே என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

கேள்வி வேறு வாசல் வழியாக வந்தது. ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்து ஞாயிறன்று சபைக்குக் கொண்டுவருவார்கள். அது விதவைகளுக்குப் போய்ச் சேரவேண்டிய அரிசி. மேலத்தெருவில் கொடுத்து முடிப்பதற்குள் தீர்ந்துபோகும். உப்பு விற்கும் இருளம்மாள், கீழத்தெருவின் விதவை, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழுந்து வந்து, தன் காலிப் பெட்டியைப் போதகர் முன்னால் கவிழ்த்து வைத்தாள்.

"எங்க தெருக்காரி வகுத்துக்கு மட்டும் ஞாயித்துக்கெழம வராதா அய்யா?"

போதகர் யோவேல் மெலிந்த மனிதர், குரல் அதைவிட மெலிது. அவர் வேதத்தை விரித்தார். ஆதிச் சபையிலும் இதே முறையீடு வந்ததையும், பந்தி விசாரிக்க நற்சாட்சி பெற்றவர்களை உதவிக்காரர்களாகச் சபையாரே தெரிந்தெடுத்ததையும் வாசித்துக் காட்டினார். தெரிந்தெடுக்கத் தமக்கும் உரிமையில்லை, நிலம் கொடுத்தவருக்கும் இல்லை, முங்கி எழுந்த எல்லாருக்கும் உண்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும், என்றார்.

இருளம்மாள் பால்சாமியின் பெயரைச் சொன்னாள். கீழத்தெருவின் கைகள் உயர்ந்தன. செத்த நேரம் கழித்து மேலத்தெருவிலும் ஒவ்வொன்றாக உயர்ந்தன. அவர்கள் எல்லாருக்கும் தோட்டம் இருந்தது, கமலை இருந்தது, அந்தத் தையல் தெரிந்திருந்தது. வைகுண்டராஜின் கையும் உயர்ந்தது.

அடுத்த ஞாயிறு பந்தியில் உதவிக்காரர் பால்சாமி அப்பமும் கிண்ணமும் பரிமாறுவார் என்று போதகர் சொன்ன பிறகுதான் வைகுண்டராஜுக்கு விளங்கியது. அரிசிக்கு என்று நினைத்துத் தூக்கிய கை அது.

அவர் போதகரைத் தனியே பிடித்தார். அரிசி காய்ந்த பண்டம், அதை யார் கையிலிருந்தும் வாங்கலாம். ரசம் ஈரம், அது வேறு என்றார். போதகர் மெல்லிய குரலில் அவருடைய கேள்வியையே திருப்பிக் கேட்டார். "வேதத்துல எங்க இருக்குய்யா?"

மறுநாள் வைகுண்டராஜ் கீழத்தெருவுக்கே வந்துவிட்டார். உள்ளே வரவில்லை, வேலிக்கு அந்தப்பக்கம் நின்றார்.

"ஏலே பால்சாமி, அரிசிய நீ பாத்துக்க. கிண்ணத்த எங்கிட்ட விட்டுரு. இல்லன்னா எங்க தெரு சபைக்கு வராது. நெலம் ஆரோடதுன்னு ஒனக்குத் தெரியும்."

பால்சாமியின் மடியில் கிடந்தது வைகுண்டராஜின் தோட்டத்துச் சால்தான். அன்று முழுவதும் ஊசி தப்பான இடத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. தான் ஒதுங்கிக்கொண்டால் சபை உடையாது. அதுதான் நல்லது என்று மனைவியிடம் சொன்னார். தெலுங்கில்தான் சொன்னார், வீட்டில் அவர்கள் பேசிய மொழி அது. பரிபூரணம் அடுப்பிலிருந்து திரும்பாமல் கேட்டாள். உன்னைத் தெரிந்தெடுத்தது வெறும் மனுசர்கள் என்றால் போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. அப்படி இல்லை என்றால் யாரிடம் போய் வேண்டாம் என்று சொல்வாய்?

சாயங்காலம் பால்சாமி சாலைத் தைத்து முடித்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். இறக்கி வைத்தார்.

"மொதலாளி, அரிசிக்கு ஒரு கை, கிண்ணத்துக்கு ஒரு கைன்னு சபை தெரிஞ்செடுக்கல. நான் வாரேன். நீங்களும் வாங்க. வராட்டியும் ஒங்க சாலு பிரிஞ்சா வந்து தைப்பேன்."

வைகுண்டராஜ் சாலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஞாயிறன்று மேலத்தெரு வந்தது. என்னதான் நடக்கும் பார்ப்போம் என்று எல்லாரும் வந்ததில் வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். முன்வரிசையில் வைகுண்டராஜ், தோள்துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு. பால்சாமி வெளுத்த வேட்டியில் வந்திருந்தார். கையை மட்டும் வெளுக்க முடியவில்லை.

அப்பம் போனது. வைகுண்டராஜ் ஒரு துண்டு கிள்ளிக்கொண்டார். அதுவும் காய்ந்த பண்டம்தான்.

பிறகு கிண்ணம். ஈயம் பூசிய பித்தளைக் கிண்ணத்தில் உலர்ந்த திராட்சை ஊறிய ரசம். பால்சாமி அதை இரண்டு கையாலும் ஏந்தி வைகுண்டராஜ் முன்னால் நீட்டினார். அவர் கை எழவில்லை. பால்சாமி நீட்டிய கையை இறக்கவில்லை. அவருடைய உதடு "தேவுடா" என்று ஒருமுறை அசைந்ததைப் பரிபூரணம் பார்த்தாள். ஓலைக் கூரையில் அணில் ஓடுவது எல்லாருக்கும் கேட்டது.

வாசலோரத்திலிருந்து இருளம்மாள் பேசினாள். உப்பு விற்கிற குரல் இல்லை, பக்கத்து வீட்டில் நெருப்புக் கேட்கிற குரல்.

"மொதலாளி, அன்னிக்கு நீங்க முங்குனியளே, அந்தத் தொட்டித் தண்ணி ஆரு தச்ச சாலுல ஏறி வந்துச்சு? தலையோட முங்கையில ஒன்னும் சொல்லலயே."

வைகுண்டராஜின் பார்வை கிண்ணத்தைப் பிடித்திருந்த பழுப்புக் கைகளில் நின்றது. அந்த நிறத்தை அவர் தன் தோட்டத்தில் நாள்தோறும் பார்த்தவர். அந்த நிறம் ஊறிய தண்ணீரில்தான் அவர் வாழை குலை தள்ளியது. அந்தத் தண்ணீரிலிருந்துதான் புது மனிதனாக எழுந்ததாக அவர் எத்தனையோ ஞாயிறு சாட்சி சொல்லியிருந்தார். தோள் ஒருமுறை குலுங்கியது. அழுகிறாரோ என்று பின்னால் இருந்தவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

"முங்கையில வாயிக்குள்ளயும் ஒரு மடக்குப் போயிருச்சு, ஏட்டி" என்றார் வைகுண்டராஜ்.

முதலில் சிரித்தது அவர் மனைவி. அந்தச் சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போய் வாசலோரத்தைத் தொட்டபோது, வைகுண்டராஜ் இரண்டு கையும் நீட்டிக் கிண்ணத்தை வாங்கிக் குடித்திருந்தார். மேலத்தெரு குடித்தது. கீழத்தெரு குடித்தது. குடித்து முடித்தவர்கள் யாரும் சொல்லாமலே பாட ஆரம்பித்தார்கள். போதகரின் மெல்லிய குரல் அதில் எங்கேயோ மூழ்கிப்போனது.

எல்லாருக்கும் கொடுத்துவிட்டுப் பால்சாமி நடுவில் நின்றார். பரிமாறியவர் இன்னும் குடிக்கவில்லை. தானே எடுத்துக் குடிப்பதா, போதகரிடம் கொடுப்பதா என்று தெரியாமல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வைகுண்டராஜ் எழுந்து வந்தார். மேலத்தெரு வரிசையைத் தாண்டி, பால்சாமியின் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, அவருக்கே நீட்டினார்.

"பிடிங்க அண்ணாச்சி."

பால்சாமி குடித்தார்.

அன்று மத்தியானமே அவர் பிடியரிசியை எடுத்துக்கொண்டு கீழத்தெருக் கோடியிலிருந்து கொடுக்கத் தொடங்கினார். இருளம்மாள் பெட்டியை நிமிர்த்திப் பிடித்தாள். கொடுப்பதற்கு முன்னால் அவர் ஒரு பிடியை அள்ளி முகர்ந்து பார்த்தாராம். மக்கல் வாசனை இருந்தால் மேலத்தெருவுக்கே திருப்பி அனுப்பியிருப்பார், சந்தேகமில்லை.