இரண்டாவது கிளவுடில் இருந்த உம்மாவின் ஸ்கேன்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போன் அடித்தது. எடுத்து ஹலோ என்றேன்... குரல் வரவில்லை. கனைத்துக்கொண்டு மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

யோசித்துப் பார்த்தால், முந்தைய நாள் மாலைக்குப் பிறகு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்!

பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீடு. நான் மட்டும். பைதான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் வெப் அப்ளிகேஷன் எழுதுவது தொழில். எல்லாம் மெயிலிலும் சாட்டிலும் முடிந்துவிடும். வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. வசதியான ஏற்பாடுதான் – ஆரம்பத்தில்.

"தம்பி, ஒரு பழைய ஸ்கேனைத் தொறந்தா வட்டம் சுத்திக்கிட்டே நிக்கி. அங்கன ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்கு ரெடி பண்ணுதாங்க..."

பேசியது மெர்சி அக்கா. வண்ணாரப்பேட்டைப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் மேனேஜர். அங்கே எடுக்கிற ஸ்கேன்களைச் சேமித்து, டாக்டர்களுக்குத் திறந்து காட்டும் அப்ளிகேஷனை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான். காயல்பட்டினத்தில் ஓர் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பக்கத்து வீட்டு ஆயிஷா அவரைக் காரில் ஏற்றி திருநெல்வேலிக்குக் கொண்டுவந்துவிட்டார். தலையை ஸ்கேன் பண்ணியதில், மூளையில் ஒரு திட்டு. அது இன்று விழுந்ததால் வந்ததா, முன்பே இருந்ததா? புதிது என்றால் உடனே தலையைத் திறக்க வேண்டும். பழையது என்றால் வேண்டாம். தலைசுற்றலுக்காகப் போன வருஷம் அவருக்கு இதே சென்டரில் ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"வீட்டுல இருந்த ஃபிலிம் எங்க?"

"எங்கன வச்சாங்கன்னு ஆயிஷாவுக்குத் தெரியல. மவன் கல்ஃப்ல இருக்காரு. அந்தம்மாவுக்குப் பேச்சு சரியா வரல. டாக்டர் கேட்டுக்கிட்டே இருக்காரு, தம்பி..."

லேப்டாப்பைத் திறந்தேன். தவறு சென்டரில் இல்லை. ஃபைல்களை வைத்திருந்த கிளவுட் கம்பெனியே அன்று படுத்துவிட்டது.

கிளவுட் என்றால் ஏதோ ஆகாயத்தில் இருப்பதாக நினைக்க வேண்டாம். எங்கோ ஒரு கட்டடத்தில் யாரோ வாடகைக்கு விடும் கம்ப்யூட்டர். அதுவும் படுக்கும். அதனால்தான் இரண்டாவதாக இன்னொரு கம்பெனியிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று ஆரம்பித்திருந்தேன். இதில் ஒரு சிக்கல் – ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பாஷை. ஃபைல் வைக்கும் இடத்தை ஒருவர் 'பக்கெட்' என்பார், இன்னொருவர் 'கன்டெய்னர்' என்பார். ஆகவே நடுவில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அப்ளிகேஷன் அதனிடம் 'வை', 'எடு' என்று மட்டும் சொன்னால் போதும். யாரிடம் எந்தப் பாஷையில் கேட்பது என்பதை அது பார்த்துக்கொள்ளும்.

புதிய ஸ்கேன்கள் அப்படி இரண்டு இடத்துக்கும் போய்க்கொண்டிருந்தன. பழையவற்றைப் பைய பைய இரண்டாவது இடத்துக்கு நகலெடுத்துக்கொண்டிருந்தேன். வேலை முடியவில்லை. இந்த அம்மாவின் ஸ்கேன் போய்ச் சேர்ந்துவிட்டதா, வரிசையில் நிற்கிறதா?

தேடினேன். அவசரத்தில் பெயரைத் தப்பாக அடித்தேன். மறுபடி அடித்தேன்.

இருந்தது!

ஆனால் அப்ளிகேஷனுக்கு அது தெரியவில்லை. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர், பழைய ஸ்கேன் ஒவ்வொன்றுக்கும் முதல் கம்பெனியின் முழு முகவரியையும் சேர்த்தே பதிந்து வைத்திருந்தார். ஆள் வீடு மாறினாலும் பழைய வீட்டுக் கதவையே தட்டிக்கொண்டிருப்பதைப் போல. முகவரியை வெட்டி எறிந்துவிட்டு, ஃபைலின் பெயரை மட்டும் வைத்து இரண்டாவது இடத்தில் கேட்கும்படி சில வரிகள் எழுதினேன். போனை வைக்கவில்லை. பழைய ஸ்கேனுக்காகச் சென்டருக்கே வந்து காத்திருந்த ஆயிஷா, அந்தப் பக்கம் ஓதிக்கொண்டிருப்பது கேட்டது.

"அக்கா, இப்ப தொறங்க."

மவுஸைச் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"வட்டம் சுத்துது தம்பி... சுத்துது... ஏ, வந்துட்டு! படம் வந்துட்டு!"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

ரொம்ப நேரம் கழித்து மெர்சி அக்கா கூப்பிட்டார். அந்தத் திட்டு போன வருஷமே இருந்திருக்கிறது. அதே அளவு. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "கர்த்தர் காப்பாத்திட்டாரு தம்பி" என்றார். நானும் ஆமாம் என்றேன்.

அப்புறம்தான் கஷ்டம் ஆரம்பித்தது. எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. யாரிடம்? வீட்டுக்குள் இரண்டு தடவை நடந்தேன். போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். இந்த நேரத்தில் இவர் மீட்டிங்கில் இருப்பார், அவருக்கு முதலில் கிளவுட் என்றால் என்ன என்று விளக்க வேண்டும்... போனைக் கீழே வைத்துவிட்டேன். சோகத்தைக்கூடத் தனியாகச் சுமந்துவிடலாம். சந்தோஷத்தைத் தனியாகச் சுமந்து பார்த்திருக்கிறீர்களா? அதுதான் கனம்.

சாயங்காலம் ஒரு வெளிநாட்டு நம்பர். அந்த அம்மாவின் மகன் காதர்.

"காக்கா... இல்ல, அண்ணே... மெர்சி அக்காதான் நம்பர் தந்தாங்க. எங்க உம்மாவை..."

காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அழுதார். நான் காத்திருந்தேன். அழுது முடித்தார். நன்றி சொன்னார். ஆனால் வைக்கவில்லை.

"அண்ணே, ஆத்துல தண்ணி போகுதா?"

"போகுது. மேல மலையில மழை."

"நல்லது." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இங்கன ரூம்ல எல்லாரும் டூட்டிக்குப் போயிட்டாங்க. நான் மட்டும்தான் இருக்கேன். லீவு கேட்டிருக்கேன், தர மாட்டேங்காங்க. அதான் சும்மா..."

"பேசுங்க. இங்கயும் நான் மட்டும்தான்."

பேசினோம். எதைப் பற்றி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. இட்லி மாவு ஏன் புளிக்க மாட்டேன் என்கிறது என்பது வரைக்கும் போனது.

போன ஞாயிற்றுக்கிழமை காயல்பட்டினம் போனேன். காதர் சொல்லித்தான். "ஒரு எட்டு பாத்துட்டு வாங்கண்ணே. உம்மா நல்லா இருக்கேன்னுதான் சொல்லுதாங்க. போன்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார்.

உம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நெற்றியோரம் காயம் ஆறிவந்தது. பேச்சும் திரும்பியிருந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். புரிந்ததாகத் தெரியவில்லை.

"வூட்ல ஆரு சமைச்சுப் போடுதா?"

"நான்தான்."

"அப்ப சாப்புடாமப் போவக் கூடாது வாப்பா." பெற்ற மகனைக் கூப்பிடுவதுபோல் 'வாப்பா' என்றார்.

ஆயிஷா இடியாப்பமும் கறியும் கொண்டுவந்து வைத்தார். உம்மா போனை எடுத்து காதரை வீடியோவில் கூப்பிட்டு, தண்ணீர்ச் செம்பில் சாய்த்து நிறுத்தினார். காதர் இன்னும் வேலை உடுப்பில் இருந்தார். நான் சாப்பிடுவதைப் பார்த்தார். என் பக்கத்தில் உம்மாவின் கை கறியை அள்ளி வைப்பதைப் பார்த்தார். 

"உம்மா, அவருக்கு இன்னும் ரெண்டு வைங்க" என்றார்.

ஒரு கம்பெனி படுத்தால் இன்னொன்றிடம் கேள் என்று எழுதிவிடலாம். எனக்குத் தெரிந்த பைதானில், ஒரு மகனால் வர முடியாதபோது இன்னொரு மகனை வை என்று எழுத வழியில்லை.