விஸ்காம் ப்ராஜெக்ட்டுக்கு நான்தான் கைடு

விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், மாணவர்களின் ஆராய்ச்சி ப்ராஜெக்ட்டுக்குக் கைடாக இருப்பது, அடுத்தவர் ஓட்டுகிற ஸ்கூட்டரின் பின்சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதிக்கிற மாதிரி: கால்தான் வலிக்கும், வண்டி நிற்காது.

உங்களுக்கு இந்த அவஸ்தை தெரியாது என்று சொல்லாதீர்கள். நீங்கள் கைடாக இருந்திருக்க மாட்டீர்கள். ஆனால் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது, கையில் அட்டையோடு ஒரு பையன் வந்து, "அங்கிள், ஒரு ரெண்டு நிமிஷம், இந்த நீலம் உங்களுக்கு என்ன உணர்ச்சியைத் தருது?" என்று கேட்டிருப்பான். அவனை அனுப்பியது நானாகவோ என் இனத்தைச் சேர்ந்த வேறு யாராகவோ இருக்கும். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அடையாறில் ஒரு கல்லூரியில் வருட ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் விளம்பரக் கம்பெனி. போன வருடம் என்னிடம் இருந்த மாணவர்களில் இரண்டு பேர் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ஃபெயில். இந்த வருடம் ஆரம்பத்திலேயே துறைத் தலைவர் எச்.ஓ.டி. மேடம் கூப்பிட்டு, "உங்ககிட்ட ஆறு பேர். ஆறு பேரும் பாஸாகணும். ஒருத்தர் நின்னாலும் ரெனியூவல் கஷ்டம்" என்று சொல்லிவிட்டார். வேலை போனால் முப்பத்தொன்பது வயதில் மறுபடி விளம்பரக் கம்பெனி வாசலில் நிற்க வேண்டும். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன் ஒருவன் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "போர்ட்ஃபோலியோ காட்டுங்க" என்பான். அந்தக் காட்சி கண்ணுக்குள்ளேயே நின்றது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

காலி இடம்

முதலில் பிரணவ். மயிலாப்பூரில் ஒரு சின்ன மெஸ்ஸின் வாசல் பலகையைத் திருத்தி வடிவமைப்பது அவன் ப்ராஜெக்ட். பழைய பலகையில் நாலு கலர் சாக்பீஸில் இட்லி முதல் மோர்க்குழம்பு வரை எல்லாமும், நடுவில் "பார்சல் உண்டு", "கை கழுவும் இடம் பின்புறம்", "இலையை மூடவும்" என்ற அறிவிப்புகளும் இருந்தன. ஓர் எறும்பு உட்காரக்கூட இடமில்லை. வகுப்பில் நான், "வெற்றிடத்துக்குப் பயப்படாதீங்க, வெற்றிடமும் பேசும்" என்று ரொம்ப அழகாகச் சொல்லியிருந்தேன். பிரணவ் அதை அப்படியே நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறான்.

ஒரு வாரம் கழித்து நான் போய்ப் பார்த்தபோது ஆளுயரத்துக்கு வழுவழுவென்று ஒரு வெள்ளைப் பலகை நின்றது. இடது பக்கக் கீழ் மூலையில் சின்ன எழுத்தில் "பொங்கல். காபி." அவ்வளவுதான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மெஸ் மாமா கல்லாவை விட்டு எழுந்து வந்தார். கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். "பலகை பாக்க ஜோராத்தான்மா இருக்கு. ஆனா இவ்ளோ காலியா இருக்கறதைப் பாத்துட்டு, மத்ததெல்லாம் தீந்துடுத்துன்னு நெனைச்சுண்டு வர்றவா எல்லாம் வாசலோட திரும்பிப் போயிடறா."

முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்

ரம்யாவின் தலைப்பு, தி. நகர் கடைகளின் பெயர்ப் பலகைகள் எந்த அளவுக்குப் படிக்கிற மாதிரி இருக்கின்றன என்பது. கேள்வித்தாளை நேரே கையில் வாங்கினால் ஜனங்கள் தயங்குவார்கள், ஒரு பெட்டி வைத்தால் மனதில் பட்டதை எழுதிப் போடுவார்கள் என்று யோசனை சொன்னது நான்தான். தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, பனகல் பார்க் பக்கத்தில், ஒரு மேஜை, அதன்மேல் சிவப்புத் துணி, ஜரிகைக் காகிதம் ஒட்டிய பெட்டி, கயிற்றில் கட்டிய பேனா. தி. நகரில் அந்தச் சமயத்தில் இப்படி ஒன்றைப் பார்த்தால் உங்களுக்கு என்ன தோன்றும்? எல்லோருக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது.

பத்தே நிமிடத்தில் கேள்வித்தாள் தீர்ந்துவிட்டது. வரிசையில் தள்ளுமுள்ளு. பெயர் எழுத இடமே இல்லாத தாளில், எல்லோரும் ஓரத்தில் பெயரும் போன் நம்பரும் எழுதியிருந்தார்கள். "எழுத்துகள் மிகச் சிறியவை" என்ற வரிக்கும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்", அடுத்த வரியில் "எழுத்துகள் மிகப் பெரியவை" என்பதற்கும் "முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்". பரிசு தருகிறவர்களிடம் எதற்கு வம்பு என்று ஒருவர்கூட எதையும் மறுக்கவில்லை. ரம்யா அழுகிற நிலையில் எனக்குப் போன் செய்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது, குடும்பத்தில் எல்லோர் பெயரிலும் தனித்தனியாக ஒரு தாள் போட்டிருந்த ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நெக்லஸ் கிக்லஸ் எல்லாம் வேண்டாம்மா, எனக்குக் குக்கர் விழுந்தாலே போதும். ஆனா அஞ்சு லிட்டரா இருக்கட்டும்."

பார்வை எங்கே போகிறது

சாந்தோம் டேவிட்டுக்கு விஞ்ஞானத்தில் நம்பிக்கை அதிகம். சுவரொட்டியைப் பார்ப்பவரின் கண் முதலில் எங்கே போகிறது, அப்புறம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்று கருவி இருக்கிறது. எங்கள் கல்லூரியில் அந்தக் கருவியின் படம் மட்டும் இருக்கிறது. "கருவி இல்லேன்னா என்ன, எதிர்ல உட்கார்ந்து கண்ணைப் பார்த்து எழுது" என்று சொன்னேன். ராயப்பேட்டையில் ஒரு டீக்கடையில், சுவரில் தன் போஸ்டரை ஒட்டிவிட்டு, அதற்கு நேர் கீழே முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டான். டீ குடிக்க வருகிறவர்களின் கருவிழியை இமைக்காமல் பார்த்து, "இடது மேல், வலது கீழ், மறுபடி இடது மேல்" என்று எழுதிக்கொண்டே இருந்திருக்கிறான்.

பக்கத்து ஸ்டாண்டிலிருந்து டீ குடிக்க வந்த ஓர் ஆட்டோ டிரைவர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். தலையை வாரினார். சட்டைக் காலரைச் சரி செய்தார். கடைசியில் கிளாஸை வைத்துவிட்டு வந்து அவன் பக்கத்தில் குந்தினார். "இன்னா நைனா, அரை அவரா என் மூஞ்சியவே பாத்து எழுதிக்கினு கீற? பொண்ணு வூட்லேர்ந்து விசாரிக்கச் சொல்லி அனுச்சாங்களா? அப்ப இதையும் எழுதிக்கோ, நான் பீடிய வுட்டு ரெண்டு மாசம் ஆவுது."

சுபாஷிணி

இவள் தலைப்பைச் சொன்னாள், கள ஆய்வுக்குப் போனாள், வந்தாள், எழுதினாள், பைண்ட் பண்ணிக் கொடுத்தாள். யாரும் அடிக்க வரவில்லை, யாரும் பரிசு கேட்கவில்லை. எனக்குத்தான் சந்தேகம் தாங்காமல் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கூப்பிட்டுக் கேட்டேன். "சரியாத்தான் இருக்கு மேம். நான் உங்ககிட்ட எதுவும் கேட்கலையே."

கட்டாயம் வர்றேம்மா

ஆயிஷா, வயதானவர்கள் கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடிய கல்யாணப் பத்திரிகை எழுத்தை ஆராய்ந்தாள். ராயப்பேட்டையில் அவள் அப்பா பத்திரிகை அச்சடிக்கிறவர். அதனால் மாதிரிப் பத்திரிகை கம்ப்யூட்டரிலேயே நின்றுவிடாமல், தங்க பார்டரோடு நிஜமாகவே அச்சாகி வந்தது. சும்மா ஏதோ எழுத்தைப் போட்டால் யாரும் ஊன்றிப் படிக்க மாட்டார்கள், எல்லாம் உண்மை போலவே இருக்க வேண்டும் என்பது நான் கொடுத்த அறிவுரை. எனவே கற்பனைப் பெண், கற்பனை மாப்பிள்ளை, ஆனால் அசல் தேதி, மயிலாப்பூரில் அசல் மண்டபம். அவள் அப்பா தொழில் சுத்தமானவர். "இந்த மாதிரி கார்டை மஞ்சள் தடவாம கையில குடுக்கக் கூடாது பேட்டா" என்று மகளிடம் சொல்லி, நாலு மூலையிலும் மஞ்சளும் தடவிக் கொடுத்துவிட்டார்.

பார்க்கில் காலையில் நடக்க வருகிற பெரியவர்களிடம் ஆயிஷா ஒவ்வொன்றாக நீட்டி, "படிச்சுப் பாருங்க அங்கிள்" என்றிருக்கிறாள். ஒவ்வொருவரும் படித்துவிட்டு, "கட்டாயம் வர்றேம்மா" என்றிருக்கிறார்கள். அவள் அதையெல்லாம் "பதில்: நேர்மறை" என்று பதிவு செய்திருக்கிறாள்.

விளக்கம் கேட்க ஒரு போன் நம்பர் தர வேண்டும் என்பது ஆராய்ச்சி விதி. பத்திரிகையில் இருந்தது என் நம்பர். முகூர்த்த நாள் காலை ஏழரைக்கு மணி அடித்தது. ஒரு ரிட்டயர்டு பாங்க் அதிகாரி, பட்டு வேட்டியில், கையில் சுவர்க்கடிகாரப் பார்சலோடு, மண்டபத்திலிருந்து பேசினார். அங்கே அன்றைக்கு வேறு யாருக்கோ கல்யாணம். பார்க் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் அதற்குள் பந்தியில் உட்கார்ந்துவிட்டார்களாம். இவர்தான் நியாயஸ்தர், பெண்ணைப் பார்க்காமல் சாப்பிட மாட்டேன் என்று மேடை வரைக்கும் போயிருக்கிறார். கல்லூரிக்குப் புகார் எழுதினால் என் கதி என்ன என்று யோசித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டேன். மறுமுனையில் அவர் நாதஸ்வரத்துக்கு மேலே குரலை உயர்த்தினார். "கண்ணாடியே போடாமப் படிச்சேம்மா, எழுத்து அவ்வளவு தெளிவு. மண்டபம் சரி, நேரம் சரி. பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும்தான் வேற யாரோ."

இருபதாவது நபர்

ஐந்து பேரும் எப்படியோ கரையேறிவிடுவார்கள் என்று தோன்றியது. என் வேலை வசந்த் கையில் வந்து நின்றது. அவன்தான் என் குழுவில் ரொம்ப நல்ல பையன், ரொம்பச் சுமாரான மாணவன். கல்லூரி வளாகத்தில் வழி காட்டும் பலகைகளை வடிவமைப்பது அவன் ப்ராஜெக்ட். நல்ல வடிவம் ஒன்று, அதோடு ஒப்பிட வேண்டுமென்றே மோசமான வடிவம் ஒன்று. நல்லதைச் சுமாராகவும் மோசமானதை அபாரமாகவும் செய்திருந்தான். மோசமான பலகையில் அம்புக்குறியின் வால் விசிறி மாதிரி விரிந்து, அதுதான் தலை என்று சத்தியம் பண்ணும். முதல் மூன்று நாள் நல்லது, அடுத்த மூன்று நாள் மோசமானது. வைவாவுக்கு முந்தின நாள் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

அவன் எடுக்கவில்லை. பலகையைப் பார்த்து வழி தேடுகிறவர்கள் இருபது பேர் தேவை, பத்தொன்பது பேர்தான் சேர்ந்திருந்தார்கள். இன்னும் ஒரே ஒருவர் கிடைத்துவிட்டால் கணக்கு முடிந்துவிடும் என்று, வைவா அன்று காலையிலும் மாடி வராந்தாவில் ஸ்டாப்வாட்சோடு நின்றுகொண்டிருந்தான். பத்து மணிக்கு வர வேண்டிய எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வரும் தேர்வாளர், ஓய்வு பெற்ற பேராசிரியர், பத்தரை ஆகியும் வரவில்லை. எச்.ஓ.டி. மேடம் போன் செய்தார். "நான் பத்து மணிக்கே வந்துட்டேன் மேடம். உங்க போர்டைப் பாத்துப் பாத்து நடக்கறேன். இப்ப மூணாவது தடவையா கேட்டுக்கே வந்து நிக்கறேன்" என்று பதில் வந்தது. வாட்ச்மேன் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் என் ஒப்பந்தம் பாதி கிழிந்திருந்தது.

மீதிப் பாதியை வசந்த் கிழித்தான். கடைசியாக அவன் முறை வந்ததும் திரையில் ஒரு போட்டோ. மாடியிலிருந்து எடுத்தது. வெள்ளைச் சட்டை, தோல் பை, நடுவில் கொஞ்சம் வழுக்கை. பையன் தாளைப் பார்த்தே கணீரென்று படித்தான்: "இருபதாவது நபர். ஆண். வயது அறுபதுக்கு மேல். சுற்று மூன்று. நேரம் இருபத்தாறு நிமிடம். இரண்டாவது திருப்பத்தில் தனக்குள் பேசிக்கொண்டார். முகபாவம்: விரக்தி." படித்து முடித்துத் தலை நிமிர்ந்தவன், எதிரில் அதே வெள்ளைச் சட்டையைப் பார்த்தான்.

எக்ஸ்டர்னல் கண்ணாடியைக் கழற்றினார். "நான் சுத்திச் சுத்தி வர்றது தெரிஞ்சுதில்ல? ஏன் ஒரு குரல் குடுக்கல?" என்றார். வசந்த் என்னை ஒரு முறை பார்த்தான். "சார், ஆராய்ச்சி பண்றவங்க குறுக்க வரக் கூடாது, நடக்கறதை அப்படியே எழுதணும்னு மேம் சொல்லிக் குடுத்திருக்காங்க" என்றான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஆமாம், நான்தான் சொன்னேன். இந்த வருடம் நான் சொன்ன எல்லாவற்றையும் இந்தப் பிள்ளைகள் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுத் தொலைத்திருக்கிறார்கள். "ஆமாம் சார், அது என் பாடம்தான். தப்பு என் மேல, அவன் மேல இல்ல" என்று எழுந்து நின்று சொன்னேன். சொல்லும்போது வேலை போனது போனதுதான் என்று முடிவு கட்டியிருந்தேன். அவர் அந்தத் தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை ஒரு முறை படித்தார். பேனாவைத் திறந்தார். "வேலை சுத்தமாத்தான் பண்ணியிருக்க. குறிப்புல ஒரே ஒரு தப்பு தம்பி. அது விரக்தி இல்ல, பசி. திருத்திக் குடு, மார்க் போடறேன்."

ஆறு பேரும் பாஸ். சாயங்காலம் எச்.ஓ.டி. மேடம் அறைக்குக் கூப்பிட்டு, புது ஒப்பந்தத்தை மேஜைமேல் தள்ளினார். கையெழுத்துப் போடும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் டிஷ்யூ டப்பாவை நகர்த்தி வைத்தார். "அழாதீங்க. அடுத்த வருஷம் உங்ககிட்ட பன்னிரண்டு பேர். அப்ப மொத்தமா அழுதுக்கலாம்."

ஆறு ப்ராஜெக்ட்டையும் முதலிலிருந்து புரட்டிப் பார்த்துவிட்டேன்: அவற்றில் கோளாறில்லாமல் வேலை செய்த ஒரே விஷயம், எங்களை அடிக்காமல் திருப்பி அனுப்பிய சென்னை ஜனங்களின் பொறுமைதான்.