எழுத்து இல்லை என்றேன்

நான் பொய் சொன்னேன். கணவனைத் தேடி வந்த ஒரு பெண்ணிடம், என் வேலை குழம்பிவிடும் என்பதற்காகப் பொய் சொன்னேன். இத்தனை வருடமும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மன்னார்ப் பட்டினத்தில் அச்சகம் வைத்திருந்தேன். யுத்தம் வந்ததும் கல்யாண அட்டைகள் குறைந்தன, கடதாசியும் அரிதாயிற்று. ஒரு முடிவெடுத்தேன்: இனி மரண அறிவித்தலும் நினைவு அட்டையும் மட்டும். கறுப்புக் கரை, சிலுவை, குத்துவிளக்கு, அழுகைக்கான வசனங்கள் எல்லாவற்றையும் ஈய எழுத்துகளில் முன்கூட்டியே கோர்த்து, சட்டத்தில் இறுக்கி வைத்துவிடுவேன். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும். காலையில் வந்தவர் மத்தியானம் கொண்டுபோவார். தோட்டவெளி, உயிலங்குளம் என்று எங்கிருந்தெல்லாமோ தேடி வந்தார்கள். கெட்டிக்காரன் என்றார்கள். எனக்கும் பெருமைதான்... வெட்கங்கெட்ட பெருமை!

அவள் நறுவிலிக்குளத்தவள். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய கூலிக் குடும்பம். வயலுக்குப் போன கணவன் நான்கு நாளாக வீடு திரும்பவில்லை. ஆஸ்பத்திரியிலும் பார்த்துவிட்டாள், இல்லை. பெயர், வயது, வலது புருவத்துத் தழும்பு எல்லாம் சொல்லி, ‘காணவில்லை’ என்று பத்துத் தாள் அடித்துத் தரக் கேட்டாள்.

“டவுனுக்கு வர ஆமிக்காரங்க எனக்குத் தெனம் பாஸ் குடுக்க மாட்டாங்கய்யா. ஆஸ்பத்திரி வாசல்ல ஒட்டிட்டுப் போனா, நான் இல்லாட்டியும் அது நிக்கும்.”

அடித்திருக்கலாம். ஆனால் கோர்த்து வைத்ததைக் கலைக்க வேண்டும், அரை நாள் போய்விடும். மூன்று செத்த வீட்டு வேலை காத்திருந்தது.

“அதுக்கு எங்களிட்ட எழுத்து இல்லை, தங்கச்சி” என்றேன்.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. நம்பிப் போனாள்.

மறுநாளே அவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். பேச்சில்லை, அடையாள அட்டையில்லை. ஆறு நாள் பெயரில்லாமல் கிடந்து செத்தான். பெயரில்லாமலே புதைத்தார்கள். அடுத்த பாஸ் கிடைத்து அவள் வந்தபோது சட்டையை மட்டும் காட்டினார்களாம்.

அந்த வாசல் என் அச்சகத்திலிருந்து கூப்பிடு தூரம்! தாள் இருந்திருந்தால் யாராவது அந்தத் தழும்பைப் பார்த்திருக்க மாட்டார்களா? அவளுக்குச் சொல்லி அனுப்பியிருக்க மாட்டார்களா? ஆமிக்குப் பயந்துதான் மறுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயமில்லை... சோம்பல்!

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு அட்டை அடிக்க என்னிடமே வந்தாள். வேறு எங்கே போவாள்? அவள் சொல்லச் சொல்ல, அவன் பெயரை ஒவ்வொரு எழுத்தாகப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோர்த்தேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கும் இந்த எழுத்தெல்லாம் இங்கதான் இருந்துச்சுங்களாய்யா?”

அவள் குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு கணம் கிடைத்தது...

“இல்லை தங்கச்சி. பிறகுதான் கொழும்பிலயிருந்து வந்தது.”

தலையாட்டினாள். “அப்ப நீங்க என்னய்யா பண்ணுவீங்க” என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதையும் வாங்கிக்கொண்டேன்.