புது வண்டி வராத டிப்போ

"பழசெல்லாம் போயிட்டா, புதுசு தானா வந்துடுமாம்மா?"

பெரியப்பா இப்படிக் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. மைட்டோகாண்ட்ரியா செல்லுக்கு ஆற்றல் தருகிறது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது தேய்ந்துபோனால் என்ன ஆகும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

பெரியப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். ஓட்டத்துக்கு உதவாத பஸ்ஸின் முகப்பில் சாக்பீஸால் 'கண்டம்' என்று எழுதுபவர் அவர்தான். எழுதிவிட்டால் வண்டி இரும்புக் கடைக்குப் போய்விடும். அதனால் டிப்போவில் அவர் பெயரே கண்டம்தான். மற்ற நேரமெல்லாம் பஸ்ஸுக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி நின்று வேலை. குழியில் இறங்கி ஏறுகிற வரைக்கும்தான் தான் மெக்கானிக் என்பார்.

அறுபதை நெருங்கும்போது சீக்கிரம் களைத்துப்போனார். டிப்போ டைம்கீப்பர் போனில் ஒரு வீடியோ அனுப்பினார். செல்லுக்குள் பழைய மைட்டோகாண்ட்ரியா கெட்டுப்போய்க் கிடக்கிறது, பட்டினி கிடந்தால் உடம்பே அதை அழித்துவிடும், இளமை திரும்பும் என்றது வீடியோ. பெரியப்பாவுக்கு அது டிப்போ பாஷையாகவே கேட்டது. புகை கக்குகிற வண்டியைக் கண்டம் பண்ணு, அவ்வளவுதான். என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

மூன்று வேளை ஒரு வேளையானது, அதுவும் பாதித் தட்டானது. இடுப்பில் பேன்ட் நிற்காமல் பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டார்.

"டீசல் ஊத்தாம வண்டி ஓட்டுற மெக்கானிக்க இப்பத்தான் பாக்குறேன்" என்றார் பெரியம்மா.

"ரிசர்வ்ல ஓடுது, விடு."

பெரியம்மா மூடிவைத்த தட்டு காலையிலும் மூடியபடியே இருக்கும். கெஞ்சிப் பார்த்தார், பேசாமல் இருந்து பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

அதே சமயத்தில் டிப்போவிலும் பழைய பஸ்களை ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டிருந்தார்கள். புதியவை வரவில்லை. மிச்சமிருந்த பஸ்கள் கூடுதல் நடை போய் அவையும் படுத்தன. பெரியப்பா வெறும் வெந்நீரைக் குடித்துக்கொண்டு அதிகாரிகளைத் திட்டுவார்.

ஒருநாள் குழியில் இறங்கியவரால் ஏற முடியவில்லை. முதல் படியில் கால் வைத்தார், தொடை நடுங்கியது. கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். கடைசியில் இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்கள். "கண்டத்துக்கே கண்டமா" என்று ஒருவர் சொல்ல, பெரியப்பாவும் சிரிக்கப் பார்த்தாராம். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

டாக்டரிடம் நானும் போனேன். கெட்டதைக் கழிப்பதும் புதிதாகச் செய்வதும் செல்லுக்குள் சேர்ந்தே நடக்க வேண்டும் என்று அந்த அம்மா பொறுமையாகச் சொன்னார். வயதானால் இரண்டுமே மந்தமாகும். கழிக்காவிட்டால் கெட்டவை குவியும். கழித்துவிட்டுப் புதிதாகச் செய்யாவிட்டால் இருப்பதும் குறையும். புதிதாகச் செய்யச் சாப்பாடு வேண்டும், கை கால் அசைய வேண்டும். சாப்பாடே இல்லாமல் கிடந்ததில் உடம்பு தசையையே கரைத்துவிட்டது. இந்த வயதில் இரண்டையும் எப்படிச் சரிசமமாக வைப்பது என்பது ஆராய்ச்சி செய்பவர்களுக்கே இன்னும் முழுதாகப் பிடிபடவில்லையாம்.

பெரியப்பா பெல்ட்டில் போட்ட ஓட்டையைத் தடவிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அப்போ புது வண்டி வராமலே எல்லாத்தையும் கண்டம் பண்ணிட்டேனா டாக்டர்?"

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

இப்போது சாப்பிடுகிறார். நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி செய்கிறார். மேசையைப் பிடிக்காமல் எழ இன்னும் முடியவில்லை. காலில் போன பலம் முழுதாகத் திரும்புமா என்று கேட்டேன், டாக்டர் உறுதி சொல்லவில்லை. டிப்போவில் ஸ்டோர் ரூமில் உட்கார்ந்து போல்ட் எடுத்துக் கொடுக்கிறார். குழிப் பக்கம் போவதில்லை.

அவர் கேட்ட கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் தெரியும். தானாக வராது பெரியப்பா. ஆனால் அவர் இப்போது அதைக் கேட்பதில்லை.

அந்த வீடியோ இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. அது உங்கள் போனுக்கும் வந்தால், அனுப்பியவருக்கு இந்தக் கதையைத் திருப்பி அனுப்புங்கள். வீட்டில் யாராவது பெல்ட்டில் புது ஓட்டை போடுகிறார்களா? அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுங்கள்.