கம்பம்மெட்டின் சொந்த ஊர்க்காரர்கள்

தமிழக-கேரள எல்லையில், கம்பம்மெட்டு ஏற்றத்தில் பஸ் இன்ஜின் கொதித்து நிற்கிறது. டீக்கடைக்குள் போகிறேன். பெஞ்சில் இருக்கும், கேரளத்துப் பாலா ஊரிலிருந்து வந்தவருக்கு, மலையைத் தமிழர்கள் பிடித்துவிட்டார்களே என்று கவலை. பக்கத்தில் உத்தமபாளையத்து ஏலக்காய் வியாபாரிக்கு, மலையாளிகள் பிடித்துவிட்டார்களே என்று கவலை. கம்பத்திலிருந்து வந்த கடைக்காரர் இரண்டு கவலைக்கும் தலையாட்டி டீ விற்கிறார்.

"அப்ப இந்த ஊர்க்காரங்கதான் யாருண்ணே?" என்று கேட்கிறேன்.

"நாந்தேன் சார். பதினஞ்சு வருசமா இங்கனதேன் கெடக்கேன்."

வெளியே, தேன் விற்க வந்த மலைவாசி ஒருவர் கடையில் அவருக்கென்று தனியாக வைத்திருக்கும் சிரட்டையில் டீ குடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அவரு?"

"அவனா? அவன் காட்டுலருந்து வந்தவன் சார்."

பெஞ்சில் இருவரும் முதல்முறையாக ஒன்றாகத் தலையாட்டுகிறார்கள். கடையைத் தாங்கும், காட்டிலிருந்து வெட்டி வந்த மரத் தூண்களில் இன்னும் பட்டைகூட உரிக்கவில்லை.