புளி போட்டுத் துலக்கின முருகன்

என்னோட ஓரகத்தி நாச்சம்மாளுக்கு அழுக்கே ஆகாது. உட்டா எருமையைக் கூடத் தேச்சு வெளுக்க வெச்சிருவா. ஊட்டுக்கு மூத்த மருமகங்கறதால அக்கான்னுதான் கூப்பிடுவேன், திட்டும்போதும் அக்காதான்.

கோபாலபுரத்துக்குப் பக்கத்துல, கேரள எல்லைக்குள்ள இருக்கற எங்க ஊர்க் கோயில்ல ஒரு ஐம்பொன் முருகன் உண்டு. ஒன்றரை அடி உசரம், கையில வேல், சூரனோட சண்டைக்குக் கெளம்பின நிலை. எத்தனை தலைமுறைன்னு ஆருக்கும் தெரியாது. தைப்பூசத்துக்கு மொத நாள் அவரைப் புளி போட்டுத் துலக்கறது எங்க ஊட்டு முறை. இருபது வருசமா அக்காதான். என்னையத் தொட உடமாட்டா. பூசத்தன்னைக்கு சாமி வண்டியேறி எல்லை தாண்டி, அம்பராம்பாளையத்து ஆத்துல குளிச்சுட்டு வருவார். ஒரு வருசம் தப்புனதில்லை.

எழுபத்தியாறுல பழைய சிலைகளைப் பதிவு பண்ண ஆபீசருக வந்தாங்க. முருகனை அளந்து, படம் புடிச்சு, பீடத்துல வெள்ளைப் பெயிண்டால ஒரு நம்பர் எழுதி, காயிதமும் குடுத்துட்டுப் போனாங்க.

அடுத்த பூசத்துக்கு செக்போஸ்ட்ல வண்டியை நிறுத்தி, "நம்பர் எங்கே?"ன்னார் அங்கிருந்த மலையாளத்து ஆபீசர். பட்டைத் தூக்கிப் பாத்தா பீடம் கண்ணாடியாட்டப் பளபளங்குது. தர்மகர்த்தா குப்பண்ணன் மெதுவா அக்காளைத் திரும்பிப் பாத்தார்.

"ஆரோ சுண்ணாம்பை அப்பி வெச்சிருந்தாங்க. செங்கப்பொடி போட்டு எடுத்துட்டேனுங்க"ன்னா அக்கா. பெருமை வேற!

"நம்பர் இல்லாத்த விக்ரகம் போகான் பற்றில்லா, போகக் கூடாது. இங்கேயே இருக்கட்டும், மேலே எழுதிக் கேக்கணும்"ன்னுட்டார் ஆபீசர்.

அக்கா மொகம் சுண்டிப் போச்சு. "என்னால சாமி குளியாம நிக்கறாரே"ன்னு கண்ணுல தண்ணி. வண்டிக்குப் பின்னால வந்த சனம் வாய்க்கு வந்தபடி பேசுச்சு. நான் ஆயிரம் திட்டுவேன், இவங்க ஆரு திட்டறதுக்கு?

"ஏனுங் சார், காயிதத்துல நம்பரு மட்டுந்தானுங்களா இருக்குது?"ன்னு எகிறுனேன்.

"அடையாளமும் உண்டு."

"அப்ப இவளைக் கேளுங்க. இருபது வருசமாத் தேய்க்கறவ!"

அக்கா கண்ணை மூடிட்டா. வெரலு காத்துல தேய்க்கற மாதிரியே ஓடுச்சு. "வலது முழங்காலுக்குப் பின்னால பாசிப்பயறாட்ட ஒரு குழி. புளி நார் அதுல போய் அடைச்சுக்கும். வேலு நுனி துளி வளைவு. இடது கால் சுண்டுவெரல்ல நகமில்லைங்க."

ஆபீசர் காயிதத்தைப் பாத்தார். பூட்ஸைக் கழட்டிட்டு வண்டியேறி முழங்காலைத் தடவுனார். ஒரு புளி நார் வெரலோட வந்துச்சு. மனுசன் சிரிச்சுட்டார்.

"குழி இருக்கு, வளைவு இருக்கு. நகத்தைப் பத்தி இதுல இல்லையே?"ன்னு குனிஞ்சு பாத்தார். நெசமாவே நகமில்லை. பேனாவை எடுத்து அதையும் காயிதத்துல எழுதிக்கிட்டார்.

ரோட்டுக்குக் குறுக்கே கெடந்த செக்போஸ்ட் கம்பு மேல போச்சு. "அரோகரா!" நான் அழுதே போட்டேன்.

"அம்மே, இனி நம்பர் எழுதினா அதை மட்டும் விட்டுத் தேய்க்கணும்"ன்னார் ஆபீசர்.

"செரிங்க சாமி"ன்னு கும்பிட்டா அக்கா.

வண்டி நாலடி நகரலை. முந்தானையால முருகனோட முழங்காலைத் துடைக்க ஆரம்பிச்சுட்டா. ஆபீசரோட வெரல் தடம் பட்டிருந்துச்சாம்.