ரோசம்மாள் டீச்சர் போட்ட கரடிப் படம்

சித்திரபுரத்தில் ரோசம்மாள் டீச்சர் காலமானார் என்று வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருப்பவர்களுக்கே அஞ்சலி செலுத்திவிடுகிறார்கள். அவர் மகளை அழைத்தேன். பதிலுக்கு அழுகைதான் கேட்டது.

விசாரிக்காமல் எதையும் நம்பாத இந்தப் பழக்கம், எஸ்டேட் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தபோது தொற்றியது. அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். மதிய உணவு அரிசியை முகர்ந்து பார்ப்பார். அதிகாரி சிரித்தால் என்ன கேட்கப்போகிறாரோ என்பார். கையால் வரைந்த பழைய கார்ட்டூன்களை மட்டும்தான் அவர் சந்தேகப்படவில்லை. கம்ப்யூட்டரில் செய்த புதியவற்றைப் பார்த்து, "இதுல விழுறவனுக்கு எடையே இல்ல" என்று உதட்டைப் பிதுக்குவார்.

மண்சரிவில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் புதைந்த மழைக்காலத்தில் எங்கள் பள்ளி நிவாரண முகாமானது. ஒரு மாலை டீச்சர் புரொஜெக்டர் வைத்து வகுப்பறைச் சுவரில் ஒரு பழைய கார்ட்டூன் படம் போட்டார். தேன் திருடப் போன கரடி மலையுச்சியிலிருந்து விழுந்தது. பின்னாலேயே ஒரு பாறை உருண்டு வந்தது. மலை சரிந்து வீடிழந்தவர்கள் முன்னால் இதையா போடுவது? வாசலில் நின்ற பங்குத்தந்தையின் முகமும் கறுத்தது. நிறுத்தச் சொல்லி டீச்சருக்குச் சைகை காட்டினேன். அவர் அசையவில்லை.

பாறை கரடியை நசுக்கியது. தகடாகிப்போன கரடி எழுந்து, தன்னைத் தட்டி நிமிர்த்திக்கொண்டு நடந்தது. மண்சரிவில் தம்பியைப் பறிகொடுத்த யேசுதாஸ் எழுந்தார். டீச்சரை அடிக்கப்போகிறார் என்றே நினைத்தேன்.

"டீச்சர், அந்தக் கல்லு விழுறத இன்னொரு தடவ போடுங்க."

போட்டார். யேசுதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், பங்குத்தந்தை உட்பட. டீச்சர் சிரிக்கவில்லை. சுவரைப் பார்க்காமல் யேசுதாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும் யேசுதாஸ் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். முகாமுக்கு வந்த மனநல ஆலோசகர்கள் கேட்டும் வாய் திறக்காத மனிதர், தம்பியின் கை நழுவிய இடத்தை அன்று சொன்னார்.

"சிரிச்சுட்டான்னு விட்டுரக் கூடாது. அந்தச் சிரிப்ப நம்பக் கூடாது" என்றார் டீச்சர் பிறகு என்னிடம்.

அடக்கத்தன்று பெட்டியைச் சுமந்தவர்களில் யேசுதாஸும் ஒருவர். கல்லறைத் தோட்டத்தில் என்னிடம் சொன்னார்: "நல்லா இருக்கேன்னு சொன்னா டீச்சர் ஒருநாளும் நம்புனதில்ல. வீட்டுக்கே வந்து பாத்துட்டுத்தான் போவாங்க."

இப்போது என் வகுப்பிலும் அந்தப் படங்களைப் போடுகிறேன். பிள்ளைகள் இன்னும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். சிரித்து ஓய்ந்த பிறகு ஒவ்வொரு முகத்தையும் பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்தப் பார்வைதான்.